மனு எழுதும் கை ஓயலாமா?

 

சில வாரங்களுக்கு முன் கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள முள்ளுக்குறிச்சிக்குப் போயிருந்தேன். மலையில் விளையும் மிளகையும் காபியையும் பலாவையும் மரவள்ளியையும் வாங்கி விற்கும் நம் இளைஞர்கள் நாலைந்து பேர் அங்கே வந்து போகிறார்கள். லுஹர் தொழுதுவிட்டு ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். ஊர் நிலவரம் பேசினோம். நாட்டு நிலவரம் பேசினோம். எம்.பி.யையும் எம்.எல்.ஏ.வையும் ஜமாஅத் சார்பில் அடிக்கடி சந்திக்க வேண்டும் என்று நான் சொன்னதும், அவர்களில் ஒரு தம்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஹஜ்ரத், வக்ஃபு மசோதா வந்தப்ப பள்ளிவாசல் வாசல்ல ஒட்டியிருந்த கட்டத்தை போன்ல ஸ்கேன் பண்ணி நானும் மெயில் அனுப்பினேன். எங்க வீட்டு ஆளுங்க எல்லார் போன்ல இருந்தும் அனுப்பினேன். என்ன ஆச்சு? சட்டம் வந்துருச்சுல்ல? இனி யாருக்கு எழுதி என்ன ஆகப் போகுது?"

மற்றவர்கள் எதுவும் பேசவில்லை. அவர் கேட்டது அவர்கள் எல்லோருடைய கேள்வியும்தான். இதைப் படித்துக் கொண்டிருக்கும் உங்களில் பலருடைய கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும். அந்தத் தம்பிக்கு அன்று சொன்னதையும், அன்று சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

தோல்வியை மறைக்க வேண்டாம்

முதலில் உண்மையை ஒப்புக்கொள்வோம். 2024 ஆகஸ்ட் 8-ஆம் தேதி வக்ஃபு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. கூட்டுக் குழுவுக்குப் போனது. பொதுமக்கள் கருத்துச் சொல்ல அந்தக் குழு 15 நாள் அவகாசம் கொடுத்தது. நாடு முழுவதிலுமிருந்து ஆதரவாகவும் எதிராகவும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தன என்று அமைச்சரே சபையில் சொன்னார். ஆனால் குழுவில் எதிர்க்கட்சிகள் கொண்டு வந்த திருத்தங்கள் எல்லாம் ஓட்டெடுப்பில் தோற்கடிக்கப்பட்டன. 2025 ஏப்ரலில் மக்களவையில் 288-க்கு 232, மாநிலங்களவையில் 128-க்கு 95 என்ற ஓட்டுக்கணக்கில் மசோதா நிறைவேறியது.

மனம் சோர்ந்து போகத்தான் செய்யும். சோர்வு பாவமல்ல. ஆனால் சோர்வையே கொள்கையாக ஆக்கிக்கொண்டு கையைக் கட்டி உட்கார்வது நமக்கு ஆகுமா?

சூரா அஃராஃபில் கடலோர ஊர் ஒன்றின் சம்பவத்தை அல்லாஹ் சொல்லிக் காட்டுகிறான். சனிக்கிழமைச் சட்டத்தை மீறியவர்கள் ஒரு கூட்டம். அவர்களை எச்சரித்துக்கொண்டே இருந்தவர்கள் இன்னொரு கூட்டம். மூன்றாவதாக ஒரு கூட்டமும் இருந்தது. அழியப்போகிற இவர்களுக்கு ஏன் உபதேசம் செய்து வாயை வலிக்கவைத்துக் கொள்கிறீர்கள் என்று அது எச்சரித்தவர்களைப் பார்த்துக் கேட்டது. அவர்கள் சொன்ன பதிலில் இரண்டு பகுதி இருந்தது. நாளை இறைவன் முன் நாங்கள் சொன்னோம் என்று சொல்ல வேண்டும் என்பது ஒன்று. இவர்கள் ஒருவேளை திருந்தினாலும் திருந்தலாம் என்பது மற்றொன்று.

முள்ளுக்குறிச்சித் தம்பி கேட்டது அந்த மூன்றாவது கூட்டத்தின் கேள்விதான். பதில் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. சொல்வது நம் கடமை. முடிவு நம் கையில் இல்லை.

பதினொரு பேர் கணக்கு

ஆனால் கடமை என்று சொல்லிவிட்டு இதோடு நிறுத்திவிட்டால் அது பாதிப் பதில்தான். நாம் எழுதினால் அரசியல்வாதி அசையவே மாட்டானா? வியாபாரிகளே, நீங்கள் கணக்குத் தெரிந்தவர்கள். இந்தக் கணக்கைப் பாருங்கள்.

2019 டிசம்பர் 11. குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவாக 125, எதிராக 105. ஆதரவாக விழுந்த ஓட்டுகளில் அ.தி.மு.க.வின் 11 ஓட்டுகளும் உண்டு. அந்தப் பதினொன்று மட்டும் இடம் மாறியிருந்தால் ஆதரவு 114, எதிர்ப்பு 116. மசோதா தோற்றிருக்கும்!

அந்தப் பதினொரு பேரில் பெரும்பாலோரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள் யார்? தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்கள். அந்த எம்.எல்.ஏ.க்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார்? நாமும் நம் அண்டை வீட்டுக்காரர்களும்தான். இந்த மசோதா திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. இதன் முதல் வடிவம் 2016-லேயே வந்துவிட்டது. 2019 ஜனவரியில் ஒரு முறை மக்களவையில் நிறைவேறி, பிறகு காலாவதியானது. மூன்று ஆண்டுகள் இருந்தன. அந்த மூன்று ஆண்டுகளில் நம் ஊர் ஜமாஅத்துகளில் எத்தனை ஜமாஅத் தன் தொகுதி எம்.எல்.ஏ.வின் வீட்டுப் படியேறி, "உங்கள் கட்சி எம்.பி.க்கள் இதில் எப்படி ஓட்டுப் போடப் போகிறார்கள்?" என்று கேட்டது? நான் இருந்த ஊரில் கேட்கவில்லை. கேட்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை. இதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

பிறகு நாம் வீதிக்கு வந்தோம். 2020 பிப்ரவரியில் சென்னை வண்ணாரப்பேட்டையில் நம் தாய்மார்கள் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். என்ன நடந்தது? 2021 சட்டமன்றத் தேர்தலில் அதே அ.தி.மு.க., குடியுரிமைச் சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று தன் தேர்தல் அறிக்கையில் எழுதியது. ஓட்டளித்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. 2025 மார்ச் 27-ல் வக்ஃபு மசோதாவுக்கு எதிராகத் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டபோது அக்கட்சி ஆதரித்தது. மாநிலங்களவையிலும் மசோதாவை எதிர்த்து ஓட்டளித்தது. கூட்டணிக் கணக்குகள், தலைமை மாற்றங்கள் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. மக்களின் மனக்கசப்புக்கு விலை உண்டு என்று அவர்கள் உணர்ந்ததும் ஒரு காரணம் அல்லவா?

எந்தக் கட்சியையும் புகழவோ இகழவோ இதை எழுதவில்லை. அரசியல்வாதி அசைவான். ஆனால் ஓட்டெடுப்புக்கு முன்பே நாம் போய்ச் சேர வேண்டும். சந்தை கலைந்த பிறகு சரக்கைக் கொண்டுபோய் இறக்கினால் யார் வாங்குவான்?

கடிதம் சாதித்த நாள்

கடிதத்துக்கு வலிமை இல்லை என்பவர்கள் 'தடா'வை நினைத்துப் பார்க்கட்டும். 1985-ல் வந்து, 1987-ல் மறுபடி இயற்றப்பட்டு, இரண்டிரண்டு ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்ட சட்டம் அது. 76,000-க்கும் மேற்பட்டோர் அதன்கீழ் பிடிக்கப்பட்டார்கள். தண்டிக்கப்பட்டவர்களோ மிகச் சொற்பம். நம் இளைஞர்களும், பஞ்சாபின் சீக்கிய இளைஞர்களும், குஜராத்தின் விவசாயிகளும்கூட அதில் சிக்கினார்கள். 1995 மே மாதம் மறுபடி நீட்டிப்புக்கு வர வேண்டியிருந்தது. அப்போது தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவராக இருந்த நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா, அந்த ஆண்டு பிப்ரவரியில் பாராளுமன்ற உறுப்பினர்கள் அத்தனை பேருக்கும் ஒரு கடிதம் எழுதினார். இந்தச் சட்டத்தை நீட்டிக்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். பல ஆண்டுகளாக அமைப்புகளும் வழக்கறிஞர்களும் சிறையிலிருந்தவர்களின் குடும்பங்களும் எழுப்பிய குரலோடு அந்தக் கடிதமும் சேர்ந்தது. 1995 மே 23-ல் தடா காலாவதியானது. நீட்டிக்கப்படவில்லை.

பிறகு 2002-ல் 'பொடா' வந்தது உண்மை. 2004-ல் அதுவும் போனது. அதன் பல பிரிவுகள் வேறு சட்டத்துக்குள் புகுந்ததும் உண்மை. வெற்றி நிரந்தரமில்லை, தோல்வியும் நிரந்தரமில்லை. நிரந்தரமாக இருக்க வேண்டியது நம் முயற்சிதான்.

தோற்ற குரலும் வீணாவதில்லை. பிரிவினைக்குப் பிந்திய நாட்களை எண்ணிப் பாருங்கள். இன்றைய சோர்வெல்லாம் அன்றைய சோர்வின் முன் தூசி. அந்தக் காலத்தில், 1948 நவம்பர் 23-ல், காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து நின்று, எந்தச் சமுதாயமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று ஒரு திருத்தம் கொண்டு வந்தார். அது ஏற்கப்படவில்லை. ஆனால் அந்த விவாதத்துக்குப் பதில் சொன்ன டாக்டர் அம்பேத்கர், வருங்காலப் பாராளுமன்றம் பொதுச் சட்டம் செய்தாலும் முதலில் விரும்பி ஏற்பவர்களுக்கு மட்டும் என்று செய்யக்கூடும் என்று பதிவு செய்தார். பொது சிவில் சட்டப் பேச்சு எழும்போதெல்லாம் அந்த நாளின் சபைக் குறிப்பை இன்றும் எடுத்துக் காட்டுகிறோம். அன்று காயிதே மில்லத் "தோற்கத்தானே போகிறோம்" என்று உட்கார்ந்திருந்தால் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்திருக்கும்.

நம் குறை எங்கே?

சகோதரர்களே, கசப்பானாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். குறை அவர்களிடம் மட்டும் இல்லை.

வீடு பற்றி எரியும்போதுதான் நமக்கு எம்.பி.யின் ஞாபகம் வருகிறது. ரமளானில் இஃப்தாருக்கு அழைக்கிறோம். அவர் தொப்பி வைத்துக்கொண்டு நோன்புக் கஞ்சி குடிக்கிறார். போட்டோ எடுக்கிறோம். சால்வை போர்த்துகிறோம். பிரியாணி கொடுத்து அனுப்புகிறோம். ஒரு காகிதம் கொடுத்தோமா? இந்த ஒன்றைச் செய்து தாருங்கள், அடுத்த மாதம் வந்து கேட்போம் என்று சொன்னோமா? தேர்தல் நிதி கேட்டு வந்தால் நம் வியாபாரிகள் கல்லாவைத் திறக்கிறார்கள். கேள்வி கேட்க மட்டும் வாயைத் திறப்பதில்லை!

அந்த மின்னஞ்சலையே எடுத்துக் கொள்ளுங்கள். கட்டைவிரலால் ஓர் அழுத்து. எல்லாருக்கும் ஒரே வாசகம். அனுப்பியதில் தவறில்லை. அதற்காக உழைத்தவர்களுக்கு அல்லாஹ் கூலி தருவானாக. ஆனால் ஒரே வாசகம் லட்சம் முறை வந்தாலும் படிப்பவர் அதை ஒரே மனுவாகத்தான் பார்ப்பார். எங்கள் ஊர்க் கபரஸ்தான், சர்வே எண் இன்னது, பரப்பு இவ்வளவு, இத்தனை தலைமுறையாக அடக்கம் நடக்கிறது, இந்தச் சட்டத்தால் எங்களுக்கு வரும் ஆபத்து இது என்று கையெழுத்தில் எழுதி, சொந்தத் தொகுதி எம்.பி.யிடம் நேரில் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? சபையில் எழுந்து பேச அவருக்கு அதுவல்லவா வேண்டும்?

நான் அந்தத் தம்பியிடம் கேட்டேன். "உங்க ஊர்க் கபரஸ்தான் ரெக்கார்டில் எப்படி இருக்கு?" அவர் அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். பாட்டனார் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். "புறம்போக்குன்னு சொல்வாங்க ஹஜ்ரத்" என்றார். யார் சொன்னது, எந்த வகைப் புறம்போக்கு, வக்ஃபு வாரியத்தில் பதிவு உண்டா என்று எதுவும் தெரியவில்லை. டெல்லிக்கு மெயில் அனுப்பியவர், பக்கத்திலிருக்கும் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு ஒரு முறையும் போகவில்லை.

புதிய சட்டத்தின்படி 2025 ஜூன் 6-ல் 'உமீத்' இணையதளம் திறக்கப்பட்டது. வக்ஃபு சொத்து விவரங்களை ஆறு மாதத்தில் ஏற்ற வேண்டும் என்றார்கள். செப்டம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை நிறுத்தி வைத்தது. ஐந்தாண்டு முஸ்லிமாக வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும், அரசு நிலமா வக்ஃபா என்பதை அதிகாரியே முடிவு செய்யும் ஏற்பாடும் அவற்றில் முக்கியமானவை. பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயத்தை நீதிமன்றம் நிறுத்தவில்லை. டிசம்பரில் பொதுவாக அவகாசம் நீட்டிக்கவும் மறுத்து, தேவைப்படுவோர் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்றது. ஆக, காகிதம் இல்லாத கபரஸ்தானுக்கு டெல்லியை விட உள்ளூர்ச் சோம்பலே பெரிய ஆபத்து என்று சொன்னால் கோபித்துக் கொள்வீர்களா?

கடைக் கணக்குப் போல ஒரு கணக்கு

வியாபாரி ஒவ்வொரு நாளும் கணக்கு எழுதுகிறார். லாபம் வந்த நாளிலும் எழுதுகிறார், நஷ்டம் வந்த நாளிலும் எழுதுகிறார். ஒரு நாள் நஷ்டம் என்று கடையைப் பூட்டிவிட்டுப் போவதில்லை. அரசியல் பணியும் அப்படித்தான். ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஒரு தடித்த நோட்டுப் போடுங்கள். யாருக்கு, எந்தத் தேதியில், எதற்காக மனு கொடுத்தோம், என்ன பதில் வந்தது என்று அதில் ஏறட்டும்.

மனு ஒரு பக்கம் போதும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. ஊர், சர்வே எண், தேதி, நாம் கேட்பது என்ன என்பது முதல் பத்து வரிக்குள் வரட்டும். நகல் எடுத்துக் கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் ஒப்புகை வாங்குங்கள். தபால் என்றால் விரைவுத் தபால். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. ஆண்டுக்கொரு முறை தாலுகாவில் ஜமாபந்தி நடக்கிறது. நிலக் கணக்கைத் திருத்தக் கேட்க அதைவிட நல்ல இடம் எது?

பதில் வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, என் மனு மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2022 முதல் நடைமுறை. 2025 ஜனவரியில் நாமக்கல் உள்ளிட்ட பல மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் விட்டார்களே, அப்போதும் கிராம சபை உண்டு. நம்மவர் எத்தனை பேர் போனோம்?

எம்.பி.யிடம் போனால் வெறும் ஆதரவு கேட்காதீர்கள். சபையில் எழுத்துப்பூர்வமாக ஒரு கேள்வி கேளுங்கள் என்று கேளுங்கள். கேள்வி ஏற்கப்பட்டால் அமைச்சர் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதில் அவைக் குறிப்பில் ஏறும். நமக்கு ஓட்டுப் போடாத கட்சிக்காரரிடமும் போங்கள், நமக்குப் பிடிக்காதவரிடமும் போங்கள். ஃபிர்அவ்னிடமே போய் மென்மையாகப் பேசச் சொல்லித்தானே மூஸா, ஹாரூன் (அலை) இருவரையும் அல்லாஹ் அனுப்பினான்? அவனைவிடக் கொடியவர் நம் தொகுதியில் யாரும் இல்லை. அவர்களைவிடச் சிறந்தவர்கள் நாமும் இல்லை.

மலை மேல் எழுந்த குரல்

கடைசியாக ஒன்று. நம் பிரச்சினைக்கு மட்டும் மனு எடுத்துப் போகும் சமுதாயமாக நாம் ஆகிவிடக் கூடாது.

நபி (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுவதற்கு முன், இளமைப் பருவத்தில் நடந்தது. எமன் நாட்டு ஸுபைத் குலத்து வியாபாரி ஒருவர் மக்காவில் சரக்கு விற்றார். வாங்கியவர் மக்காவின் பெரும்புள்ளி ஆஸ் பின் வாயில். பணம் தரவில்லை. அந்நிய ஊர், ஆதரவுக்கு ஆளில்லை. அவர் என்ன செய்தார்? அபூகுபைஸ் மலை மீது ஏறி நின்று ஊரைக் கூப்பிட்டு முறையிட்டார். அந்தக் குரல் கேட்டு, அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் வீட்டில் நல்லவர்கள் கூடினார்கள். பாதிக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் அவர் பக்கம் நிற்போம் என்று ஒப்பந்தம் செய்தார்கள். வியாபாரியின் பாக்கி வசூலாகிக் கொடுக்கப்பட்டது. அதுதான் ஹில்ஃபுல் ஃபுளூல். அந்த ஒப்பந்தத்தில் கலந்துகொண்ட நபி (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பிறகும் அப்படியொன்றுக்கு அழைத்தால் போவேன் என்று சொன்னார்கள்.

கொல்லிமலையில் மிளகு வாங்கும் சகோதரரே! உங்களுக்கு மிளகு தரும் மலைவாழ் விவசாயிக்கு மரவள்ளி விலை சரிந்தால் உங்களுக்கு என்ன என்று இருந்துவிடாதீர்கள். அவர் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பேருந்து இல்லை என்றால், மழையில் மலைச்சாலை சரிந்தால், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி அவர் கேட்ட நிலப் பட்டா கிடைக்கவில்லை என்றால், அந்த மனுவில் உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும். மலையையும் உள்ளடக்கிய சேந்தமங்கலம் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே ஜெயிக்கிறவர் அந்த மக்களில் ஒருவர். நாளை உங்கள் கபரஸ்தானுக்காக நீங்கள் அவரிடம் போகும்போது, "பாய் நமக்காக வந்தவர்" என்று அவர் பக்கத்தில் ஒருவர் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் ஆயிரம் மெயிலுக்குச் சமம்.

அன்று மாலை நான் பஸ் ஏறும் முன் அந்தத் தம்பி வந்து, "ஹஜ்ரத், மனுவை எப்படி ஆரம்பிக்கணும்?" என்று கேட்டார். "சர்வே எண்ணில் ஆரம்பி" என்றேன். "அதுக்கு முதல்ல வி.ஏ.ஓ. ஆபீஸ் போகணுமே" என்றார். "போ" என்றேன்.

நீங்களும் போங்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வந்த வாரத்திலேயே, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நாலு பேர் உட்கார்ந்து உங்கள் ஊருக்கு ஒரு மனு எழுதுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் தேதி போடுங்கள். பலன் இன்று வந்தாலும் வரும், நம் பிள்ளைகள் காலத்தில் வந்தாலும் வரும். எழுதாத மனுவுக்கு மட்டும் எந்தக் காலத்திலும் பதில் வராது.

அல்லாஹ் நம் அனைவருக்கும் சோர்வில்லாத மனதைத் தருவானாக.

வஸ்ஸலாம்.